உறுமிக்குப் படுத்த நாள்

கிள்ளானிலிருந்து கிளம்பி, கோலாலம்பூர் போகும் ஹைவே ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை, அதில் இரண்டு சட்டையும் ஒரு சாரமும். ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் சாலையில் வண்டி குறைவு. ஐஸ் தொழிற்சாலையில் எனக்குக் கொடுத்திருந்த ரப்பர் பூட்ஸைக் கழற்றி வாசலிலேயே வைத்துவிட்டு, ஜப்பான் சிலிப்பரோடு வந்திருந்தேன்.

ஏன் கிளம்பினேன் என்று கேட்டால் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. பனிக்கட்டித் தண்ணீரில் நின்று நின்று கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து தோலுரிந்திருந்தது. அது ஒரு காரணம். இன்னொன்று, ஓரிடத்தில் சில மாதம் இருந்துவிட்டால் அங்கிருப்பவர்கள் கேட்க ஆரம்பிப்பார்கள். சொந்தக்காரர் யார், எந்த ரப்பர் தோட்டத்து ஆள், இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று. கேள்வி வருவதற்கு முன்னால் நகர்ந்துவிடுவது என் வழக்கம். தோட்டப் பள்ளிக்கூடத்தை நாலாம் வகுப்போடு விட்டதும் அப்படித்தான். கிள்ளானை விட்டபோது எனக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி.

ஷா ஆலம் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு லோரி என்னைத் தாண்டிப் போய் நின்றது. ஓட்டியவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, காதில் பாதி சிகரெட்.

“எங்கடா தம்பி?”

“கே.எல். அண்ணே.”

“கே.எல். பெருசு லா. அதுல எங்க?”

“எங்கயாச்சும்.”

“நானும் அங்கதான் போறேன். ஏறு. ஆனா உன் மடியில ஒரு ஆளு உக்காரும், சரியா?”

அந்த ஆள், பழைய பூப்போட்ட பத்தேக் சாரத்தில் சுற்றிக் கட்டிய ஓர் உறுமி. இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் அதைத் தூக்கி என் மடியில் வைத்தார். எதிர்பார்த்ததைவிடக் கனம்.

உறுமியைத் தைப்பூசக் கூட்டத்தில் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறேனே தவிர, கையில் வைத்துப் பார்த்ததில்லை. இடுப்பு ஒடுங்கிய மரம், இரண்டு முகத்திலும் தோல். ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் தட்டுவார்கள். இன்னொரு முகத்தில் எண்ணெய் தடவி, வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது மாடு அடிவயிற்றிலிருந்து முனகுவதுபோல ஒரு சத்தம் வரும். உறுமி என்ற பெயர் அதனால்தான்.

அண்ணன் வாரநாளில் கிள்ளான் தவுக்கே, அதாவது சீன முதலாளி ஒருவரிடம் லோரி ஓட்டுகிறவர். கோயில் திருவிழாவுக்கும் சாவுக்கும் உறுமி அடிப்பார். அன்றைக்கு எங்கே போகிறோம் என்பதை அவராகவே சொன்னார்.

“பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கெழவர். ரயில்வேல தண்டவாள வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு. அங்க ஒரு சாவுல நான் அடிச்சதைக் கேட்டுட்டு என்னை விடமாட்டேங்குறாரு. அவரு வீட்டுக்கு வந்து, டேப்ல பதிஞ்சு குடுக்கணுமாம்.”

“எதுக்கு?”

“அவரு சாவுக்கு.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

“மவன் பஜனைச் சங்கத்துல பெரிய ஆளு. பெட்டி, வேன், ரெண்டு தேவாரம், அதோட முடிச்சிருவான். மேளம் கீளம் கிடையாது. கெழவருக்கு உறுமி இல்லாமப் போறது அம்மணமாப் போற மாதிரியாம். அதான் கேசட்.”

“செத்தவரு எந்திரிச்சுப் போடுவாரா அண்ணே?”

“அதைத்தான் நானும் கேட்டேன். மருமக போடும்ங்குறாரு. அந்தப் பொண்ணுகிட்ட சத்தியம் வாங்கி வெச்சிருக்காரு.”

நான் அதோடு பிரிக்பீல்ட்ஸில் இறங்கிப் போயிருக்கலாம். போன இடத்தில் சாப்பாடு இருக்கும் என்று அண்ணன் சொன்னதால் உறுமியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். நாலாவது மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை.

கதவைத் திறந்தவர் மருமகள். நெற்றியில் வியர்வை, கையில் கரண்டி. எங்களைப் பார்த்ததும் முதலில் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, “சீக்கிரம் உள்ள வாங்க அண்ணே. அவரு மதியம் வந்துருவாரு” என்றார். அவர் என்றால் புருஷன். சங்கத்தில் ஞாயிறு காலையில் பாட்டு வகுப்பு நடத்தப் போயிருந்தார்.

பெரியவர் ஹாலில் தயாராக உட்கார்ந்திருந்தார். சலவை வேட்டி, தேய்த்த சட்டை. முன்னால் மேசைமேல் ஒரு கேசட் ரேடியோவும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது கேசட்டும். ஒல்லியான மனிதர். நாற்காலிக்குக் கீழே நீட்டியிருந்த வலது காலில் சுண்டுவிரல் இல்லை. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “செந்தூல் பக்கத்துல விட்டுட்டு வந்தேன் தம்பி. தண்டவாளம் சரிஞ்சது” என்றார், குடையை மறந்துவிட்டு வந்தவர்போல.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். “சாவு அடி வேணும். தூக்குற வரைக்கும் ஒண்ணு, தூக்கினப்புறம் ஒண்ணு.”

அண்ணன் உறுமியைப் பிரிப்பதை நிறுத்தினார். “அங்கிள், நீங்க கேட்டது உறுமி. சாவுக்குன்னாலும் சாமி அடி போதும்னு நெனைச்சு வந்தேன்.”

“சாமிக்கு அடிக்கிறது சாமிக்கு. எனக்கு என்னோடது வேணும்.”

“பொணம் இல்லாம அந்த அடி அடிக்க மாட்டேன்.”

“ஏன்?”

“சும்மா அடிச்சா அது தேடும்.”

“எதைத் தேடும்?”

“ஆளை.”

மருமகள் அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார். பெரியவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப நானே படுக்கிறேன். எனக்குத்தானே அடிக்கிற?”

“அது இன்னும் மோசம் அங்கிள். நான் அடிச்சிட்டுப் போன மறுவாரம் நீங்க போயிட்டா? உங்க மவன் என் வீடு தேடி வந்து வெட்டுவான்.”

ஆள் கிடைக்காத சாவுக்கு வாழைமரத்தை வெட்டிப் படுக்கவைத்துக் காரியம் செய்வதை நான் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். நாலாவது மாடியில் வாழைக்கு எங்கே போவது என்று மருமகள் கேட்டார். பிறகு அவரே நீளத் தலையணை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, “இதுக்கு ஒரு வேட்டியப் போத்திவிட்டா என்ன?” என்றார்.

அண்ணன் தலையணையைப் பார்த்தார். “இதுக்கு எப்பவுமே உசுரு இருந்ததில்லையே தங்கச்சி. அப்புறம் எப்படிப் போகும்?”

பிறகு பெரியவர் என் பக்கம் திரும்பினார். அவர் திரும்பியதும் மற்ற இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“தம்பிக்கு யாரு இருக்கா?” என்று கேட்டார் பெரியவர்.

“யாரும் இல்லைங்க.”

“வீடு?”

“இல்லைங்க.”

அண்ணனுக்கு முகம் தெளிந்தது. “இது சரி. இவன் இந்த வீட்டு ஆளு இல்ல. இந்த ஊரு ஆளும் இல்ல. அது வந்து தேடினாலும் இவன் பேரு அதுக்குத் தெரியாது. தப்பான வீட்டுக்கு வந்துட்டோம்னு திரும்பிப் போயிரும்.” என்னைப் பார்த்து, “உனக்கு ஒண்ணும் ஆகாதுடா. படுக்கிறியா?” என்றார்.

“சாப்பாடு உண்டா?” என்றேன்.

“கோழிக்கறி வெச்சிருக்கேன்” என்றார் மருமகள்.

“படுக்கிறேன்.”

“எந்திரிச்சுக் குளிச்சிட்டுத்தான் சோறு” என்றார் அண்ணன். “பொணம் சாப்பிட்டுட்டுப் படுக்கக் கூடாது.”

முதலில் ரேடியோவைச் சோதித்தோம். மேசைமேல் வைத்து, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் பெரியவர் சேர்த்து அழுத்தினார். அண்ணன் சாமி அடியில் நாலு சுற்று அடித்தார். திருப்பிப் போட்டுக் கேட்டால் தகரக் கூரையில் கல்லெறிவதுபோல் இருந்தது. உறுமலே இல்லை. ரேடியோவுக்கு முன்னால் துண்டைத் தொங்கவிட்டோம், அரிசி வாளிக்குள் இறக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் பெரியவர் காதை ரேடியோவில் ஒட்டி வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். மகன் வருவதற்குள் முடியாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

மருமகள்தான் வழி சொன்னார். பக்கத்து வீட்டு ரேடியோ சுவர் வழியாகக் கேட்கும்போது நன்றாக இருக்கிறது, அதே வீட்டுக்குள் போனால் காதைக் கிழிக்கிறது என்றார். ரேடியோவைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய் மெத்தைமேல் வைத்துக் கதவைப் பாதி சாத்தினோம். இந்தத் தடவை உறுமல் வந்தது. கொஞ்சம் தூரத்திலிருந்து, ஆனால் அது உறுமல்தான். பெரியவர் மெத்தையில் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பொத்தானை வேறு யாரும் தொடக்கூடாது என்றார்.

ஹாலில் இருந்த நீளப் பெஞ்சில் நான் படுத்தேன். அண்ணன் என் தலையைத் தெற்குப் பக்கமாகத் திருப்பினார். பழைய துணியில் ஒரு நாடா கிழித்து இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டினார். பெரியவரின் சலவை வேட்டி ஒன்றை எடுத்துத் தலையிலிருந்து கணுக்கால்வரை மூடினார். தலைமாட்டில் விளக்கு வைக்கச் சொன்னதற்கு மருமகள் முடியவே முடியாது என்றுவிட்டார்.

“மூச்ச மெதுவா விடு” என்றார் அண்ணன். அடிக்க ஆரம்பித்தார்.

உறுமியைக் கீழே படுத்துக்கொண்டு கேட்பது வேறு. காதுக்கு வருவதற்கு முன்னால் பெஞ்சுப் பலகை வழியாக முதுகுக்கு வந்துவிடுகிறது. தட்டும் குச்சி அவசரப்படுத்துகிறது. தேய்க்கும் குச்சி, போகவேண்டாம், இரு என்று இழுக்கிறது. பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை. ஐஸ் தொழிற்சாலையில் சாக்குமேல் படுத்துப் பழகிய உடம்புக்கு அந்தப் பெஞ்சு சுகமாக இருந்தது. சலவை வேட்டியில் வெயில் வாசம். நான் தூங்கிவிட்டேன்.

நான் தூங்கிக்கொண்டிருந்தபோது நடந்ததைப் பிறகு மருமகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்து வீட்டு ஆன்டிக்குச் சாவு அடி நன்றாகத் தெரியும். சாவு வீட்டில் அடுப்பெரியாது என்பதும் தெரியும். ஒரு பிளாஸ்க் நிறையக் காப்பியோடு வந்து கதவைத் தட்டினார். மருமகள் திறந்தார். அந்த அடியைக் கேட்டுக் கேட்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால் இறந்த மாமியாரை நினைத்து அவர் அழுதுகொண்டிருந்த சமயம் அது. ஆன்டி உள்ளே பார்த்தார். மூடிப் படுக்கவைத்த உடம்பு, அடிக்கிற ஆள், அழுகிற மருமகள். வேறெதையும் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. மருமகளைக் கட்டிப்பிடித்து, “அழுதுடும்மா, அழுதுடு. நல்ல மனுஷன்” என்றார். மருமகள் வாயைத் திறப்பதற்குள் வராந்தாச் சுவர்மேல் சாய்ந்து கீழே இருப்பவர்களுக்குச் சொல்லியும் விட்டார்.

மகன் அப்போதுதான் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருக்கிறார். கீழ்வீட்டுக்காரர்கள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு எப்போது ஆச்சு என்று கேட்டார்களாம்.

என்னை எழுப்பியது பாரம். என் கால்மேல் யாரோ விழுந்திருந்தார்கள். முதலில் இரண்டு கை, பிறகு ஒரு முகம், அதன் ஈரம். “அப்பா, அப்பா” என்று அந்த முகம் என் பாதத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு விழிப்பு வந்துவிட்டது, ஆனால் கட்டைவிரல் இரண்டும் கட்டியிருந்ததால் காலை இழுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தால் அந்த மனிதருக்கு நெஞ்சு நின்றுவிடும் என்று பயந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் செத்தவனாகவே இருந்தேன்.

அண்ணன் அடியை நிறுத்தவில்லை. சொந்தக்காரன் வந்து விழுந்து அழும்போது அடியைப் பட்டென்று அறுக்கக் கூடாதாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டுமாம். பின்னால் கேட்டபோது சொன்னார்.

அழுதுகொண்டே மகன் என் பாதத்தைத் தடவினார். கை வலது பாதத்தின் ஓரத்துக்கு வந்து நின்றது. சுண்டுவிரலைப் பிடித்துப் பார்த்தது. விட்டது. மறுபடி பிடித்தது. இடது காலுக்குப் போய்விட்டுத் திரும்பி வலது காலுக்கே வந்தது. அழுகை நின்றுவிட்டது.

“இது யாரு?” என்று கேட்டார். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது.

நான் வேட்டியை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். வாசலில் நின்ற ஆன்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்க் உருண்டு போய்ச் செருப்பு அடுக்கில் முட்டியது. அண்ணன் கடைசிச் சுற்றை முடித்து, வளைந்த குச்சியைத் தோலிலிருந்து எடுத்தார்.

படுக்கையறைக் கதவு திறந்தது. பெரியவர் வந்து நின்றார். எல்லாம் உள்ளே கேட்டிருக்க வேண்டும், மூக்கு சிவந்திருந்தது. “நான் சாகலடா” என்றார்.

மகன் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். நெற்றி நிறையப் பட்டை போட்டிருந்தார், அதில் பாதி என் காலில் இருந்தது. அப்பாவைப் பார்த்தார், உறுமியைப் பார்த்தார், திறந்திருந்த கதவு வழியாக மெத்தைமேல் இருந்த ரேடியோவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“நான் செய்ய மாட்டேன்னு ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கிறீங்க.”

“செய்ய மாட்டேன்னு நீதானே சொன்ன? மேளம் அடிச்சா சங்கத்துல உனக்கு மரியாதை போயிரும்.”

“சங்கத்துக்காகவா சொன்னேன்னு நெனைக்கிறீங்க?”

“வேற எதுக்கு?”

ஆன்டி எழுந்து போகலாமா இருக்கலாமா என்று தெரியாமல் நின்றார். மருமகள் அவரை மெதுவாக வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து கதவைச் சாத்தினார். நானும் அண்ணனும் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டோம். என் கட்டைவிரல்கள் இன்னும் கட்டித்தான் இருந்தன.

“அம்மா சாவுல உறுமி அடிக்க வெச்சீங்கல்ல?” என்றார் மகன். “அத்தை மேல அம்மா வந்துச்சுல்ல?”

“ஆமா.”

“என்ன சொல்லுச்சு?”

பெரியவர் விழித்தார். “யாருக்குடா ஞாபகம் இருக்கு. அன்னைக்கு இருந்த நெலமையில.”

“எனக்கு ஞாபகம் இருக்கு. எம் மவன் வரலையே, தண்ணி தண்ணின்னு கேட்டேன், குடுக்க ஆளில்லையேன்னு சொல்லுச்சு. அத்தனை பேரு முன்னால. அன்னைக்கு நைட் ஷிப்ட். போன் வந்ததை சூப்பர்வைசர் காலையிலதான் சொன்னான். எனக்குத் தெரியாதுப்பா.” அவர் என் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். “உறுமிச் சத்தம் எங்க கேட்டாலும் எனக்கு அதுதான் கேக்குது. உங்களுக்கும் அடிச்சா, அத்தை வருவாங்க, ஆடுவாங்க, நீங்களும் வந்து ஏதாச்சும் சொல்லுவீங்க. அதை என்னால கேக்க முடியாது. அதான் வேணாம்னேன்.”

அடுக்களையில் கறி கொதித்துக்கொண்டிருந்தது.

பெரியவர் வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். “தண்ணி கேட்டாள்னா சொன்னா உங்க அத்தை?”

“ஆமா.”

“பொய்யி. டீ கேட்டா.”

மகன் நிமிர்ந்து பார்த்தார்.

“விடிகாலையில டீ கேட்டா. நான்தான் போட்டுக் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சிட்டு, சீனி போடத் தெரியாத மனுஷன்கூட முப்பத்தஞ்சு வருஷம் ஓட்டிட்டேன்னு திட்டினா. இன்னும் ரெண்டு ஸ்பூன் போட்டேன். முழுசும் குடிச்சா. அப்புறம்தான் கண்ணு சொருகுச்சு. தண்ணியாம், தண்ணி. அவ என்னைக்குடா தண்ணி குடிச்சா?”

“நீங்க ஏன் சொல்லல?”

“நீ ஏன் கேக்கல? எனக்கு என்னா தெரியும், இதைத் தூக்கிக்கிட்டு அலையுறேன்னு. உங்க அத்தைக்கு உம்மேல கோவம், அவ மவள நீ கட்டிக்கலைன்னு. உறுமி அடிச்சா உள்ள இருக்குறது வெளிய வரும். அவளுக்கு உள்ள இருந்தது வந்துச்சு.”

அடுக்களை வாசலில் நின்ற மருமகள் அந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டுப் புருஷனை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு மட்டும் மகன் கொஞ்சம் சிரித்தார். சிரிப்பு பாதியில் மறுபடி அழுகையாகிவிட்டது. இந்தத் தடவை சரியான காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெரியவர் அவர் தலையில் கை வைத்திருந்தார். அண்ணன் உறுமித் தோலைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். நான் குனிந்து என் விரல்களை அவிழ்த்துக்கொண்டேன்.

ரேடியோவை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. டேப் முடிந்து டக்கென்று பொத்தான் எகிறிய சத்தத்தில்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. பெரியவர் அதைக் கொண்டுவந்து ஓடவிட்டார். உறுமல் நன்றாக விழுந்திருந்தது. அதற்கு நடுவில் என் குறட்டையும் விழுந்திருந்தது. பிறகு கதவுத் தட்டல், ஆன்டியின் குரல், படியேறி வந்த மூச்சிரைப்பு, அப்பா என்ற அழுகை, எல்லாம் இருந்தன.

“அழிச்சிருங்கப்பா” என்றார் மகன். “டேப்பு போட்டு அப்பாவை அனுப்பினான்னு நாளைக்கு ஊரே சிரிக்கும். ஆளையே கூப்பிடுறேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

பெரியவர் கேசட்டை வெளியே எடுத்து, மருமகளிடம் கத்தி கேட்டு வாங்கினார். மேல்விளிம்பில் இரண்டு மூலையிலும் இருந்த சின்ன பிளாஸ்டிக் மூடிகளைக் கத்தி முனையால் உடைத்தெடுத்தார். அவற்றை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் வேறெதையும் பதிய முடியாது. அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மகன் கத்தியை வாங்கி அடுக்களையில் வைத்துவிட்டு வந்தார்.

பெரியவருக்கு இன்னும் முழுத் திருப்தி வரவில்லை. “வாயால சொன்னா எப்படி? இவருக்கு வெத்தலை பாக்கு வெச்சு இப்பவே சொல்லிரு” என்றார்.

அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “திருவிழாவுக்குன்னா வாங்குவேன் அங்கிள். சாவுக்கு முன்கூட்டி வெத்தலை வாங்கினா, எப்ப வரும்னு நான் உக்காந்து எதிர்பார்த்த மாதிரி ஆயிரும். சேதி வந்தா வருவேன்.”

“சேதிய எங்க அனுப்புறது? லோரியில ஒரு நாள் ஈப்போ, ஒரு நாள் மலாக்கான்னு போற ஆளு நீங்க” என்றார் மகன்.

“கிள்ளான்ல தவுக்கே கடைக்குப் போன் பண்ணுங்க. எங்க இருந்தாலும் சொல்லுவாரு.” பிறகு அண்ணன் என்னைக் காட்டினார். “ஆனா ஒரு விஷயம். உங்க எடத்துல இவன் படுத்துட்டான். அன்னைக்கு நாலு பேர்ல ஒருத்தனா இவன் தோள் குடுக்கணும். படுத்தவன் நடந்து வந்து தூக்கினாத்தான் கணக்கு தீரும். இல்லைன்னா அரைகுறையா நிக்கும். யாருக்குன்னு எனக்குச் சொல்லத் தெரியல.”

இந்த விதியை அவர் வேறு எங்கும் கேட்டிருக்கிறாரா, அங்கேயே கட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பெரியவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மகனும்தான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல.

“வருவியா தம்பி?” என்றார் பெரியவர்.

எனக்குப் பசி. குளித்தால்தான் சோறு. “வரேன்” என்றேன். சொன்ன பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று உறைத்தது. அந்த மனிதர் உயிரோடு இருக்கும்வரை நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அதுவரை என் வாழ்க்கையில் அப்படி ஒரு கட்டாயம் இருந்ததில்லை.

மகன்தான் குளியலறையில் எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். “உன் காலு என்னப்பா இப்படி வெந்து கெடக்கு?” என்று கேட்டார். ஐஸ் என்றேன். குளித்து வந்ததும் மஞ்சள் தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கோழிக்கறியும் சோறும் வயிறு முட்டச் சாப்பிட்டேன். பெரியவர் என் தட்டையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். படுத்தவன் அன்றைக்கு அந்த வீட்டில் தங்கக்கூடாது என்று அண்ணன் சொன்னதால் சாயங்காலமே கிளம்பினோம். பெரியவரின் பழைய சட்டை ஒன்று என் மேல் இருந்தது.

நான் விட்டுவந்த அதே சாலையில் லோரி கிள்ளானுக்குத் திரும்பியது. பங்சார் தாண்டும்போது, வழியில் எங்கேயாவது இறங்கிக்கொள்கிறாயா என்று அண்ணன் கேட்டார். கேட்ட விதத்தில் வற்புறுத்தல் எதுவும் இல்லை.

“உங்களுக்குக் கெலிண்டான் இருக்கானா அண்ணே?” என்றேன். லோரியில் கூடப் போய் மூட்டை ஏற்றி இறக்குகிற ஆளை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

“இருந்தான். போன மாசம் கல்யாணம் பண்ணிக்கிட்டு ஓடிட்டான்.”

“தவுக்கே ஊரு, சொந்தம்னு கதையெல்லாம் கேப்பாரா?”

“அவருக்கு மூட்டை எறங்கினா போதும்.”

அன்றிரவு அண்ணன் வீட்டு முன்கூடத்தில் தூங்கினேன். திங்கட்கிழமை காலை தவுக்கே கடைக்கு முன்னால் நின்றோம். ஸ்ரீ கெம்பாங்கான் கடைகளுக்குப் போகவேண்டிய அரிசி மூட்டைகள் நடைபாதையில் அடுக்கியிருந்தன. தவுக்கே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எத்தனை நாள் இருப்பாய் என்று மலாயில் கேட்டார். ஓடிப்போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்.

“பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு பெரியவர் இருக்காரு. அவரு இருக்குற வரைக்கும்” என்றேன், எனக்குத் தெரிந்த மலாயில்.

தவுக்கே அண்ணனைப் பார்த்தார். “இவன் சொந்தமா?”

“ஆமா” என்றார் அண்ணன்.

தவுக்கே ஒரு கனமான கையுறையை என்னிடம் எறிந்தார். நான் முதல் மூட்டைக்குக் குனிந்தேன்.